பால் காய்ச்சிய நேரத்து நிம்மதி

மாதேஸ்வரன் தன் தங்கை வீட்டுக்குள் போனது பத்தேமுக்காலுக்கு, பதறியடித்துக்கொண்டு. வெளியே வந்தது பதினொன்றேகாலுக்கு, வாயைத் துடைத்துக்கொண்டு. உள்ளே மாப்பிள்ளை தரணிதரன் போட்டுக் கொடுத்த காப்பி நன்றாக இருந்தது. தென்னைக்குச் சொட்டுநீர் போடுவதைப் பற்றி இருவரும் கொஞ்சம் பேசினார்கள். தங்கை இந்துமதி உள்ளறைக் கட்டிலில் மகளை அணைத்தபடி படுத்திருந்தாள். "தூங்கறா, எழுப்பிப்போடாதீங்ணா" என்றாள். தூங்கட்டுமே என்று அவனுக்கும் தோன்றியது. வெளிக்கேட்டைச் சாத்திவிட்டு எட்டடி நடந்திருப்பான். சட்டென்று நடுச்சாலையில் நின்றுவிட்டான்.

அவன் காப்பி குடிக்க வந்தவனில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வந்தவன்.

நறுமுகைக்கு மூன்று வயது. ஐந்து நாளாக டெங்குக் காய்ச்சல். நேற்றுக் காய்ச்சல் விட்டிருந்தது. விட்ட பிறகுதான் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்கே வந்து எடுத்துப்போன ரத்தத்தின் முடிவு இன்று காலை எட்டு மணிக்குக் கைக்கு வந்ததும் பெற்றவர்களை அழைத்தார். "சரிங்க டாக்டர், கூட்டிட்டு வர்றோமுங்க" என்றார்கள். ஒன்பதுக்கும் அதையே சொன்னார்கள். ஒன்பதரைக்கும் அதேதான், அதே இனிமையான குரலில். பத்து மணிக்கு அவர் பொறுமையிழந்து, பதிவுச்சீட்டில் மூன்றாவதாக இருந்த தாய்மாமன் எண்ணைத் தேடி அழைத்துக் கத்தினார்.

"என்ன மனுசங்க சார் இவங்க? ரத்தத்துல பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு வந்துருச்சு. கை காலெல்லாம் சில்லுனு இருக்குதான்னு கேட்டா, ஆமாங்க, சில்லுனுதான் இருக்குது, நல்லாத் தூங்கறாங்கறாங்க! ரத்த அழுத்தம் எறங்கிருச்சுன்னா புள்ளை நம்ம கையில நிக்காது. ஒரு மணிக்குள்ள கொண்டாந்து சேருங்க. அதுக்கு மேல நான் பொறுப்பில்லை."

அவர்கள் என்ன மனுசர்கள் என்று மாதேஸ்வரனுக்குத் தெரியும். தங்கமான மனுசர்கள். கோளாறு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக்குச் சுருதி கூட்டியவன் அவன்தான்.

அவன் அழைத்திருந்த ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றது. ஓட்டுநர் சகாயராஜ் ஐம்பதைத் தாண்டியவர். கூட வந்த மருத்துவ உதவியாளர் பிரவீணா சின்னப் பெண், ஆனால் சுறுசுறுப்பு. மாதேஸ்வரன் "உள்ள ரொம்ப நேரம் இருக்காதீங்க, மூணே நிமிஷத்துல தூக்கிட்டு வந்துருங்க" என்று கெஞ்சியதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு பையோடு உள்ளே ஓடினாள். கால்மணி நேரம் கழித்து வந்தாள். பை தோளில் இருந்தது. கையில் ஒரு கொய்யாப்பழம்.

"புள்ளை நல்லாத் தூங்குதுங்க. அந்தக்கா அவ்வளவு தன்மையா இருக்காங்க. தோட்டத்துப் பழமாம்" என்று சொல்லியபடி ஒரு கடி கடித்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தாள். பழம் கையிலிருந்து நழுவி விழுந்தது. "ஐயோ! நான் நாடி பார்த்தனே... நூலாட்டம் ஓடுச்சு... பிரஷர் கருவியில ஒண்ணும் சரியா வரலீங்க. நான் ஏன் விட்டுட்டு வந்தேன்?" வண்டியின் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சகாயராஜ் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். தாழ்ந்த வாசல், உள்ளே போகப் போக உயரும் கூரை, மழுங்கிய சாம்பல் நிறக் கல். அழகான வீடுதான். "என்ன சார் இது, உள்ள மயக்க மருந்து கிருந்து அடிக்கிறாங்களா?"

"மருந்தெல்லாம் இல்லீங்ணா. நீங்க சர்ச்சுக்குப் போவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாமப் போவேன்."

"உள்ள போய் உக்காந்ததும் மனசு அடங்குதில்ல? கோயில்லயும் அப்படித்தான். உயரம், இருட்டு, குளுந்த கல்லு, மணியடிச்சா அந்த ஓசை தேயற விதம்... இதுல எது மனுசனை அடக்குதுன்னு எங்க நிறுவனம் பதினஞ்சு வருசம் அளந்துச்சு. அளந்ததை வீட்டுக்குள்ள வெச்சோம். நிறைமனைன்னு பேரு. சுவரு காதுக்குக் கேக்காத ஒரு ரீங்காரம் போடும். தரை வழியா எலும்புல ஏறும், காதை அடைச்சாலும் தப்பிக்க முடியாது. வெளிச்சமும் காத்தும் அதுக்குத் தகுந்தாப்புல மாறும். எவ்வளவுக்கெவ்வளவு பதறிட்டுப் போறமோ, அவ்வளவுக்கவ்வளவு சீக்கிரம் அடக்கிரும்."

"கரண்ட்டைப் புடுங்கிவிட்டா?"

"மின்கலம் பூஜை ரூம் சுவத்துக்குள்ள இருக்குது. நாலு நாள் ஓடும்."

"அப்ப நிறுத்தறதுக்கு?"

"குடியிருக்கறவங்க உள்ள நின்னு, வாயால நில்லுன்னு சொல்லோணும். நானூத்திச் சொச்சம் வீடு கட்டியிருக்கறோம். இது வரைக்கும் ஒருத்தர் சொன்னதில்லை."

"தீப்புடிச்சாக்கூடவா சார்?"

மாதேஸ்வரனுக்கு அவமானமாக இருந்தது. "புகை பட்டா தானா நிக்கற மாதிரிதான் வெச்சிருந்தோம். சாம்பிராணி போட்டா வீடு நின்னுபோகுது, கற்பூரம் காட்டுனா நின்னுபோகுதுன்னு எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க. எடுத்துட்டோம்."

சகாயராஜ் அவன் பக்கம் திரும்பினார். அவர் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

எல்லா நிறைமனையும் இப்படி ஆளை விழுங்குவதில்லை. மற்ற வீடுகளில் கோபம் தணியும், நல்ல தூக்கம் வரும், சாமி கும்பிட உட்கார்ந்தால் மனசு அலையாமல் நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேயும் ஆட்கள் ஓடத்தான் செய்கிறார்கள். இந்த ஒரு வீடு மட்டும் இவ்வளவு ஆழமாகப் போனதற்குக் காரணம் மாதேஸ்வரன் தங்கை மேல் வைத்திருந்த பாசம்.

இந்துமதிக்கு முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இரண்டு வருடம் அவள் தூங்கவில்லை. பழந்துணியைச் சுருட்டி மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். மாத்திரை, மந்திரம், பழனி, வேளாங்கண்ணி எதுவும் மிச்சமில்லை. கடைசியில் அண்ணன்காரன் தன் நிறுவனத்தில் சொல்லி இந்த வீட்டைக் கட்டினான். கட்டி முடித்ததும் குடியிருப்பவர்களின் நிம்மதியை ஒரு முறை அளந்து வீட்டுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதை ஆட்கள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, சாவகாசமாக இருக்கும் முற்பகலில்தான் அளக்க வேண்டும் என்பது விதி. இந்துமதி கேட்கவில்லை. "பிரம்ம முகூர்த்தத்துல பால் பொங்கறப்ப இருக்கற மனசுதாண்ணா இந்த வீட்டுல என்னைக்கும் இருக்கோணும்" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். எப்படி மறுப்பான்? கருவியை அப்போதே வைத்துவிட்டான்.

அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு ராத்திரி கண் விழித்திருந்தார்கள். வயிற்றில் பச்சைத் தண்ணீர் இல்லை. மூன்று மணி நேரம் ஹோமப் புகையில் உட்கார்ந்திருந்தார்கள். பால் பொங்கியபோது புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பாதி மயக்கம். கருவிக்கு மயக்கம் வேறு, நிம்மதி வேறு என்று தெரியுமா? அளந்துகொண்டது. அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்று இரவு இந்துமதி பதினோரு மணி நேரம் தூங்கினாள். அடுத்த வருடம் நறுமுகை பிறந்தாள். பால் தீய்ந்தாலும் அந்த வீட்டில் யாரும் பதறுவதில்லை என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பெரிய சோதனை எதுவும் வராததால் மாதேஸ்வரனும் தான் புண்ணியம் செய்ததாகவே நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தான்.

"பேசறதுக்கே நிக்கக் கூடாதுங்ணா. ஓடிப்போய்த் தூக்கிட்டு ஓடி வந்தர்றேன்" என்றான் மாதேஸ்வரன். மணி பதினொன்று நாற்பது.

ஓடினான். கூடத்தை ஐந்தே தாவலில் கடந்தான். தரணிதரன் "வாங்க மச்சான்" என்றதைக் காதில் வாங்கவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு நறுமுகையின் முதுகுக்கடியில் கையையும் கொடுத்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. அவன் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கணத்தில் இந்துமதி கண் திறந்து அவன் காலைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, செருப்போட வந்துட்டீங்க?"

பூஜையறை எதிரே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாதேஸ்வரனுக்குக் கூசிப்போய்விட்டது. "அட ஆமா அம்மிணி" என்று எழுந்து, வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, கால் கழுவிக்கொண்டு வந்தான். அவ்வளவு நேரம் அந்த வீட்டுக்குத் தாராளம். வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். குழந்தை அழகாகத் தூங்குகிறது என்று நினைத்தான். சகாயராஜ் வெளியிலிருந்து விடாமல் ஹாரன் அடித்ததால், வண்டிக்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வரலாமே என்று எழுந்து வந்தான். எட்டடி தாண்டியதும் சாலையிலேயே உட்கார்ந்து தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டான். கால் வெறுங்காலாக இருந்தது.

"செருப்பு! என்ற மருமக சாகக் கெடக்கறா, நான் செருப்பைக் கழட்டப் போயிருக்கறேன்!"

சகாயராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரு நிமிஷம். பயம் போயிருது, சரி. செருப்பு மட்டும் எப்படி அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு?"

மாதேஸ்வரன் நிமிர்ந்தான். காப்பி கொடுக்க மறக்கவில்லை. வாங்க மச்சான் என்று சொல்ல மறக்கவில்லை. டாக்டரிடம் மரியாதையாகப் பேசினார்கள். பயமும் பதற்றமும்தான் அடங்கியிருந்தன. முறை அப்படியே இருந்தது. முறைக்கு நெஞ்சு படபடக்க வேண்டியதில்லையே, கை காலே செய்துவிடும்.

"அண்ணா, நாற்சந்தியில பூக்கடை இருக்குது. தேங்காய், வாழைப்பழம், வெத்தலை பாக்கு, பூ. டீக்கடையில ஒரு எவர்சில்வர் தட்டு கேட்டு வாங்குங்க. சீக்கிரம்!"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து நறுமுகைக்குக் காது குத்துவது என்று தை மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். அதை இன்றைக்கே என்று மாற்றிப் போனில் சொன்னால் எடுபடாது. மாமன்காரன் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். அழைத்துத் தட்டை வாங்கிக்கொண்டால் போகாமல் இருக்க முடியாது. பன்னிரண்டுக்குத் தட்டு வந்தது. சகாயராஜ் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடித்து, முகூர்த்தம் போகிறது என்று கத்த வேண்டும் என்று ஏற்பாடு.

மாதேஸ்வரன் செருப்பில்லாத காலோடு மூன்றாம் முறையாக உள்ளே போனான். கூடத்தின் நடுவிலேயே அந்த இதம் தரையிலிருந்து முழங்காலுக்கு ஏறிவிட்டது. எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் இருந்தது. அதற்கு ஏன் அவசரம் என்பதுதான் விளங்கவில்லை. உட்காரலாம் என்று பார்த்தான். கையில் தட்டு இருந்தது. சுபகாரியத் தட்டைக் கீழே வைக்கக் கூடாது. ஆகவே நின்றான். நின்றதனால் சொல்லவும் செய்தான்.

"இந்து, பாப்பாவுக்கு இன்னைக்கே காதுகுத்து வெச்சாச்சு. ஒரு மணிக்குள்ள முகூர்த்தம். மாமன் அழைக்க வந்திருக்கறேன்."

இந்துமதி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "தையிலன்னு சொன்னீங்க?"

"மாத்தியாச்சு அம்மிணி."

"சரிங்ணா." கணவனைக் கூப்பிட்டு, இருவருமாகக் கிழக்குப் பார்த்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். "தலைக்கு ஊத்திட்டு வந்தர்றேன்" என்று குளிக்கப் போனாள்.

குளித்தாள். பட்டுச் சேலை எடுத்தாள், அது சரியில்லை என்று இன்னொன்று எடுத்தாள். மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டாள். சட்டைக்குள் நுழைத்த பிள்ளையின் கை துவண்டு துவண்டு விழுந்தது. தலை வாரினாள். குழந்தை ஒரு முறை வாந்தி எடுத்தது. அதைத் துடைத்துவிட்டுப் பொட்டு வைத்தாள். மாதேஸ்வரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கனகாம்பரம் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று யோசனைகூடச் சொன்னான். அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் தன்னையே வைதுகொள்வான். அப்போது சந்தோசமாக இருந்தது.

வெளியே ஹாரன். "முகூர்த்தம் போகுதுங்கோ! ஐயர் காத்திருக்காருங்கோ!" என்று ஆயுளில் ஒரு காதுகுத்துக்கும் போயிராத சகாயராஜ் தொண்டை கிழியக் கத்தினார்.

தரணிதரன் கதவைப் பூட்டினான். மறுபடி திறந்து கேஸை அடைத்துவிட்டு வந்து பூட்டினான். மாமன்தான் தூக்க வேண்டும் என்பதால் நறுமுகை மாதேஸ்வரன் தோளில் இருந்தாள். கேட்டைத் தாண்டினார்கள். இந்துமதி பின்னலில் பூவைச் சரிசெய்துகொண்டே வந்தாள். ஏழாவது எட்டிலோ எட்டாவது எட்டிலோ அவள் கை நின்றது. மகள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா! எம் புள்ளை!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அதற்குள் பிரவீணா பிள்ளையைப் பிடுங்கி வண்டிக்குள் கிடத்தி ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மணி பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நறுமுகை பிழைத்துக்கொண்டாள். முதல் இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். ஆறாம் நாள் இட்லி வேண்டாம், தோசைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் இந்துமதி. ஆறு நாளும் அவள் தூங்கவில்லை, படுக்கவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மகளின் கையைத் தொட்டுப் பார்த்தாள். வராந்தாவில் அண்ணனிடம் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"அவ கை சில்லுனு இருந்துச்சுங்ணா. வெயிலுக்கு இதமா இருக்குதுன்னு எடுத்துக் கன்னத்துல வெச்சுட்டுப் படுத்திருந்தேன். நாலு மணி நேரம். பெத்தவ நான்."

மாதேஸ்வரன் வாய் ஓயாமல் சமாதானம் சொன்னான். எல்லாம் தன் தப்பு என்றான். நிறுவனத்தில் சண்டை போட்டு நானூறு வீட்டையும் நிறுத்த வைக்கிறேன் என்றான். அவள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை. பழந்துணி ஒன்றைச் சுருட்டி மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே கட்டிலில் படுத்திருக்கும்போது.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று எல்லோரும் மாதேஸ்வரன் வீட்டுக்குப் போவதென்று முடிவு. மாற்றுத் துணி எடுக்க வண்டியைத் தங்கை வீட்டுக்கு எதிரே, கேட்டிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்தினான். "நான் போய் நில்லுன்னு சொல்லி வீட்டையும் நிறுத்திட்டு, துணியும் எடுத்துட்டு வந்தர்றேன் மச்சான்" என்று தரணிதரன் உறுதியாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். அரைமணி நேரம் ஆயிற்று. தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

இந்துமதி வண்டியிலிருந்து இறங்கினாள். மடியிலிருந்த மகளை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நானும் போறேங்ணா."

"எதுக்கு? மாப்ளையைக் கூப்புடறதுக்கா? வேண்டாம், நான் ஹாரன் அடிக்கறேன்."

"இல்லீங்ணா. இருக்கப் போறேன்."

"என்ன அம்மிணி சொல்றே? பாப்பாவை?"

"நீங்க வெச்சுக்கங்க. மாமன் வீட்டுல வளரட்டும்." அவள் குரல் உடைந்தது. "இவளை உள்ள கொண்டுபோனா என்னைக்காச்சும் ஒரு நாள் சிரிச்சுட்டே கொன்னுபோடுவேன். வெளிய இருந்தா அந்தச் சில்லுனு கை என்னை விடமாட்டேங்குது. கண்ணை மூடுனா கன்னத்துல வந்து ஒட்டிக்குது. கெணத்தைப் பார்த்தா கால் தானாப் போகுதுங்ணா. எனக்கு இருக்கறது இந்த ரெண்டு எடந்தான். வேற எடம் இருந்தா நீங்களே சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, கட்டுனவங்க."

அவனிடம் வேறு இடம் இல்லை. கெஞ்சினான், கையைப் பிடித்தான், கடைசியில் அதட்டியும் பார்த்தான். அவள் மகளின் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள், உள்ளங்கையில் கொடுத்தாள், பாதத்தில் கொடுத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். கேட்டைத் தாண்டியபோது விசும்பலில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வாசற்படி ஏறும்போது அது நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இந்துமதி முகம் கழுவிக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தாள். வெயிலில் நிற்கும் அண்ணனையும் அவன் கையிலிருந்த குழந்தையையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்ணா, அங்கயே நின்னுட்டீங்க? வெயில் எப்படி அடிக்குது! பாப்பாவைத் தூக்கிட்டு உள்ள வாங்க. வாடா கண்ணு, அம்மாகிட்ட வா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா!" நறுமுகை துள்ளினாள். இறங்கி ஓடுவதற்காகக் காலை உதைத்து நெளிந்தாள். மாதேஸ்வரன் இறுக்கிப் பிடித்தான். அவள் வீறிட்டு அழுது அவன் தோளில் பல் பதியக் கடித்தாள். அவன் விடவில்லை. வாசலில் இந்துமதி சிரித்த முகத்தோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.